அத்தான் வீட்டு ஆஸ்டினும் ஒரு பித்தளைப் பெட்டியும்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "சார், அது என்ன பழைய வெந்நீர் பாய்லரா?" என்று ஒருவன். "பெரியப்பா, பாத்திரக் கடையில ஏதாவது வாங்கிட்டீங்களா?" என்று துபாயிலிருந்து தம்பி மகள். அது ரேடியேட்டர், அம்மா. 1951-ஆம் வருடத்து ஆஸ்டின் ஏ-40 காரின் ரேடியேட்டர். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பதிவு நீளமாகத்தான் வரும். நேரமில்லாதவர்கள் நேரே கடைசிக்குப் போய்விடலாம். அங்கே உங்கள் எல்லோரிடமும் சில வேண்டுகோள்கள் இருக்கின்றன.

முதலில் வண்டியின் கதை.

அத்தானை உங்களில் பலருக்குத் தெரியும். என் அத்தை மகன். வயது 79. வள்ளூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவருடைய அப்பா, அதாவது என் மாமா, எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கிய புதிதில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். இன்றைக்கு அந்தக் கம்பெனி பெயரைச் சொன்னால் லாரியும் பஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே முதலில் பூட்டியது கார். 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் தொடங்கி, தன் மகன் அசோக்கின் பெயரையே வைத்தார். இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, பாகங்களைக் கப்பலில் வரவழைத்து, 1949-லிருந்து எண்ணூரில் ஏ-40 கார்களைப் பூட்டினார்கள். 1200 சி.சி. எஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன். பெயரில் உள்ள நாற்பது அதுதான். அதே ஏ-40 வரிசைக் காரை 1953-லிருந்து ஜப்பானில் நிசான் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டுப் பூட்டியது. அவர்கள் அதிலிருந்து கார் செய்யக் கற்றுக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள். நம்மூரில் அரசின் கொள்கை மாறியது. வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டுவது போதாது, உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்றார்கள். எண்ணூர் லாரிப் பக்கம் திரும்பியது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

மாமா 1962-ல் இந்த வண்டியைப் பழைய வண்டியாக வாங்கினார். "நான் கை வச்ச வண்டிங்கள்ல இதுவும் ஒண்ணா இருக்கலாம்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கலாம் என்றுதான் சொல்வார். இதேதான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நம் பக்கம் எத்தனையோ தொழில்களுக்குத் தொட்டில். திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது, 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய ஒரு கொட்டகை எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்தது. ஆனால் "நம்ம எண்ணூர்ல கார் செஞ்சாங்க" என்று வகுப்பில் சொன்னபோதெல்லாம் பையன்கள் நம்பாமல் சிரித்ததுதான் எனக்கு ஞாபகம்.

மாமா 1988-ல் காலமானார். அதற்குப் பிறகு வண்டி எப்போதாவது ஓடும், பெரும்பாலும் மாட்டுக் கொட்டகையில் நிற்கும். இப்போது அத்தான் பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கிறார். தை மாதத்துக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அத்தான் என்னிடம் வந்தார்.

"மாப்ள, ஓடுற வண்டியா நிறுத்தினா யாராவது ஆசைப்பட்டவன் எடுத்துக்கிட்டுப் போயி வச்சிப் பாத்துப்பான். கொதிக்கிற வண்டிய எவன் எடுப்பான்? எடைக்குத்தான் போவும்."

ஆமாம், வண்டி கொதித்தது. அதுதான் நோய். எஞ்சின் கிளம்பும், கியர் விழும், பிரேக் பிடிக்கும். பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடினால் மூடிக்கு அடியிலிருந்து ஆவி அடிக்கும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார், ஒருவர் விசிறியை மாற்றச் சொன்னார், ஒருவர் எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார்.

எனக்கு ஒரு பழைய மாணவன் ஞாபகத்துக்கு வந்தான். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அதனால் போடவில்லை. கூடப் படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, பதினாறு வயதில் ரேடியேட்டர் வேலைக்குப் போனவன். இப்போது வயது ஐம்பதுக்கு மேல்.

அவன் வந்து போனட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி இதுதான்: "சார், எப்போ கொதிக்குது? நிக்கும்போதா, ஓடும்போதா?"

நல்ல டாக்டர் கேட்கிற கேள்வி. அத்தான் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரோட்டுல போனா ஒண்ணுமில்ல. ரயில் கேட்டுல நின்னாத்தான்."

காரணத்தை விளக்குகிறேன். எஞ்சினில் சூடான நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே இறங்கும்போது காற்று பட்டு ஆறுகிறது. கீழ்த் தொட்டியிலிருந்து பம்ப் அதை மறுபடி எஞ்சினுக்குள் இழுத்துக்கொள்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது விசிறி ஒன்றுதான் கதி. ஓடும்போது கொதித்தால் குழாய் அடைப்பைச் சந்தேகப்பட வேண்டும். நிற்கும்போது மட்டும் கொதித்தால் விசிறிக் காற்று குழாய்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

போனட்டைத் திறந்து எட்டிப் பார்த்தவன் நிமிர்ந்து சொன்னான்: "சார், இது இந்த வண்டி ரேடியேட்டரே கிடையாது. அம்பாசிடரோடது."

எப்படிக் கண்டுபிடித்தான் என்பதுதான் இந்தப் பதிவின் முக்கியமான விஷயம். கம்பெனித் தகடு எதுவும் அதில் இல்லை. அவன் பெயரைத் தேடவும் இல்லை. ரேடியேட்டர் தன்னைச் சுற்றியுள்ள பொருள்களோடு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தான்.

ஒன்று, அதைப் பிடித்திருந்தது வண்டியின் தாங்கி இல்லை, இரும்பு ஆங்கிளை அறுத்து வெல்டு வைத்த ஒட்டு வேலை. இரண்டு, விசிறியின் நடுவும் ரேடியேட்டர் வலையின் நடுவும் ஒரே நேராக இல்லை. விசிறி கீழே தாழ்ந்து நின்றது. அது இழுத்த காற்றில் ஒரு பங்கு வலைக்கு வெளியிலிருந்து வந்தது. மூன்று, எஞ்சினிலிருந்து வரும் வாயும் ரேடியேட்டரின் வாயும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. நடுவில் வளைத்த இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி, இரண்டு துண்டு ஹோஸும் நாலு கிளிப்பும் போட்டு இணைத்திருந்தார்கள்.

"சார், கம்பெனிக்காரன் ரெண்டு கிளிப்பு போடுற எடத்துல நாலு கிளிப்பு இருந்தா, அது வேற வண்டி சாமான்" என்றான். இதைப் பாடப் புத்தகத்தில் சேர்க்கலாம்.

ஏன் அம்பாசிடர்? அதற்கும் நியாயம் உண்டு. ஏ-40-ன் 1200 சி.சி. எஞ்சினை அடிப்படையாக வைத்துத்தான் பின்னால் இங்கிலாந்தில் பி-சீரிஸ் எஞ்சின்கள் வந்தன. அதில் 1489 சி.சி. எஞ்சின் 1959 வாக்கில் அம்பாசிடருக்கு வந்து பல வருடம் ஓடியது. ஆக, இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. முகஜாடை இருக்கும், சட்டை அளவு பொருந்தாது. சாமான் கிடைக்காத காலத்தில் யாரோ ஒரு மெக்கானிக் கைக்குக் கிடைத்ததை வைத்து வண்டியை ஓட வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அதைச் செய்யாமலிருந்தால் வண்டி அப்போதே எடைக்குப் போயிருக்கும்.

அப்படியானால் பழைய ரேடியேட்டர் எங்கே? அத்தான், "பரண்ல என்னமோ பித்தளை கெடக்குது மாப்ள" என்றார். ஏணி போட்டு இறக்கினோம். ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் பச்சைக் களிம்பு ஏறி, வலை நசுங்கி, ஒன்றைப் போலவே ஒன்று. மாமா எதையும் தூக்கிப் போடாத மனிதர்.

இதில் எது வண்டியுடையது? இந்த இடத்தில்தான் என் மாணவனுக்கு நான் மாணவனானேன்.

முதலாவதை எடுத்து மேல் தொட்டியின் வாயில் மூன்று விரலை விட்டுப் பார்த்தான். "வாய் ரொம்பப் பெரிசு சார். இது பம்பு இல்லாத வண்டிக்கு." அந்தக் காலத்தில் சில சின்னக் கார்களில் தண்ணீர் பம்ப்பே கிடையாது. சூடான நீர் அடர்த்தி குறைந்து தானாக மேலேறும், ஆறிய நீர் கீழிறங்கும். ஒன்பதாம் வகுப்பில் வெப்பச் சலனம் நடத்தும்போது குடுவையில் பர்மாங்கனேட் போட்டுக் காட்டுவேனே, அதே தத்துவம். தள்ளிவிட ஆள் இல்லாததால் பாதை அகலமாக இருக்க வேண்டும். அத்தானின் வண்டியில் விசிறியோடு ஒரே அச்சில் பம்ப் இருக்கிறது. ஆக, முதலாவது வேறு ஏதோ வண்டியுடையது. தள்ளி வைத்தான்.

இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வண்டியருகே போனான். அம்பாசிடர் ரேடியேட்டரையும் ஆங்கிளையும் ஏற்கெனவே கழற்றியிருந்தோம். ஆங்கிள் மறைத்திருந்த இடத்தில் உடம்பின் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. அந்தப் பெயிண்ட்டில் இரண்டு பக்கமும் நீளமாக ஒரு தடம், நடுவே வாஷர் பதிந்த வட்டங்கள். சுவரில் பல வருடம் தொங்கிய காலண்டரை எடுத்தால் தெரியுமே, அந்த மாதிரி. ரேடியேட்டரின் பக்கத் தகடு அந்தத் தடத்தின் மேல் அப்படியே உட்கார்ந்தது. துளைக்கு நேர் துளை. விசிறியின் நடு வலையின் நடுவில். மேல் வாய் எஞ்சினின் வாயை நேராகப் பார்த்தது. ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போகிற வழியில் எதுவும் குறுக்கே இல்லை.

கடைசிச் சோதனை போல்ட்டு. அவன் டப்பாவிலிருந்து எட்டு மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றைப் போட்டான். இரண்டு சுற்று உருண்டது, மூன்றாவதில் இறுகியது. உடனே நிறுத்திவிட்டான். "மரை வேற சார். இறுக்கினா மொழுக்குனு போயிடும்." 5/16 அங்குல போல்ட்டுக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் விட்டத்தில் வித்தியாசம் வெறும் 0.06 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழைய பிரிட்டிஷ் நுண்மரையில் 5/16 போல்ட்டில் அங்குலத்துக்கு 22 மரை, மரையின் கோணம் 55 டிகிரி. பின்னால் வந்த அமெரிக்க–பிரிட்டிஷ் பொது நுண்மரையில் 24 மரை, 60 டிகிரி. மில்லிமீட்டர் மரைக்கும் 60 டிகிரிதான், இடைவெளி வேறு. பலத்தைப் போட்டு முடுக்கினால் போல்ட்டும் உள்ளே போகும், மரையும் அழியும். பழைய வண்டிகளில் பாதிச் சேதம் இப்படித்தான் வருகிறது. மரை அளக்கும் சீப்பை வைத்துப் பார்த்தோம். 22 பல் கச்சிதமாக உட்கார்ந்தது. புதுப்பேட்டையில் பழைய போல்ட்டுகளைக் கிலோ கணக்கில் விற்கும் ஒரு கடையில் கிளறி, ஆறு எடுத்து வந்தான். கையால் சுற்றியே கடைசி வரை போயின.

அத்தான் பேசவில்லை. அந்த பித்தளைத் தொட்டியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆனால் அடையாளம் தெரிந்துவிட்டால் மட்டும் வண்டி ஓடிவிடுமா? வலை முழுக்க அழுகியிருந்தது. இரண்டு வழிகள் இருந்தன. அலுமினியத்தில் புதிதாக ஒன்றைச் செய்து மாட்டுவது: இரண்டே நாளில் முடியும், செலவு குறைவு. அல்லது பழைய மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, பக்கத் தகடுகள் இவற்றை வைத்துக்கொண்டு நடுவில் செம்பு வலையை மட்டும் புதிதாகப் போடுவது: மூன்று வாரம் ஆகும், செலவு இரண்டு மடங்குக்கு மேல். அமெரிக்காவிலிருந்து அத்தான் மகன் போனில் "அலுமினியமே போதும்பா" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. இன்று ஓடும் கார்களில் எல்லாம் அலுமினிய வலையும் பிளாஸ்டிக் தொட்டியும்தானே.

நான் சட்டத்தையும் பார்த்துச் சொன்னேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை, சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருந்தால், அந்த வகையில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது போன்றவற்றுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் ரேடியேட்டர் இல்லை. எதை வைத்தாலும் சட்டம் தடுக்காது. அதனால் முடிவு அத்தானுடையது.

அத்தான் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். மறுநாள் சொன்னார்: "அப்பா கழட்டிப் பரண்ல வச்சாரு. விக்கணும்னா அன்னைக்கே வித்திருப்பாரு. செம்பே போடுங்க."

அதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று பிறகுதான் என் மாணவன் விளக்கினான். பழைய கார்களில் கதவு கிடைக்கும், சக்கரம் கிடைக்கும், ரேடியேட்டர் கிடைக்காது. ஏனென்றால் செம்புக்கும் பித்தளைக்கும் காயலான் கடையில் இரும்பைப் போலப் பல மடங்கு விலை. வண்டி நிற்க ஆரம்பித்ததும் முதலில் கழன்று போவது ரேடியேட்டர். உருக்கிவிட்டால் அது ஏ-40-தா, லேண்ட்மாஸ்டரா என்று யார் கண்டார்?

அடுத்த மூன்று வாரம் நான் வாரம் இரண்டு நாள் பட்டறைக்குப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் திட்டுதான்.

தொட்டிகளைப் பிரிக்க விளிம்பு முழுவதும் நெருப்பைக் காட்டினான். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியில் இளகத் தொடங்கும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்த இடைவெளிதான் இந்தத் தொழிலுக்கே ஆதாரம். பற்று ஓடிய நொடியில் தொட்டியை உயர்த்திவிட வேண்டும். ஒரே இடத்தில் நெருப்பு நின்றால் பழைய பித்தளை வளைந்துவிடும்.

கீழ்த் தொட்டியைக் கவிழ்த்ததும் பழுப்பும் வெள்ளையுமாகச் செதில்கள் கொட்டின. ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 340 கிராம். அதில் ஒரு துண்டின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டேன், நுரைத்தது. கார்பனேட். அதாவது நம் ஊர்த் தண்ணீர்.

மாமா வண்டிக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுவார். வள்ளூர், மீஞ்சூர்க்காரர்களுக்கு அந்தத் தண்ணீரின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இங்கிருந்தும் பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கங்களிலிருந்தும் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். மீஞ்சூரில் கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே வந்தது. இதைப்பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே வந்தது, நாளைக்கு 10 கோடி லிட்டர். மனிதர்களுக்கே இந்த நிலை என்றால் ரேடியேட்டருக்கு என்ன கிடைத்திருக்கும்? கடினநீரின் சுண்ணாம்பு குழாயின் உள்ளே படிகிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400 என்றால், அந்தப் படிவினுடையது 2 அல்லது 3. நகத்தின் கனம் படிந்தால் போதும், செம்பு வைத்ததன் பலனே போய்விடும். உப்பு தன் பங்குக்கு இரும்பையும் பற்றையும் அரிக்கும்.

வலை அளவு கொடுத்து ஒரு வாரத்தில் வந்தது. உயரம், அகலம், கனம், எத்தனை வரிசைக் குழாய் என்று சொன்னால் செய்து தருகிற இடங்கள் இன்னும் சில இருக்கின்றன. இனிப் பற்று வைக்க வேண்டும். ஒரு கண்ணாடி ஜாடியில் உப்பு அமிலம் ஊற்றி, துத்தநாகத் துண்டுகளைப் போட்டான். நுரைத்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஞாபகம் இருக்கா சார்? எரியிற குச்சியக் காட்டினா 'பாப்'புன்னு சத்தம் வரும்னீங்க. அது என்னா வாயுன்னு எழுதத் தெரியாமத்தான் நான் அந்தப் பரீட்சையில போனேன்."

ஹைட்ரஜன். கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கியது. ஜாடியில் இப்போது இருப்பது துத்தநாகக் குளோரைடு. உலோகத்தின் மேலிருக்கும் களிம்பை அது தின்றுவிடும், பற்று ஒட்டும். அவன் முப்பது வருடமாக இதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறான். பெயர் எழுதத் தெரியாததால் அன்று மதிப்பெண் போனது. வேலை தெரிந்ததால் நான்கு பேருக்குச் சோறு போகிறது. கேள்வித்தாள் கேட்பது ஒரு பங்குதான் என்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பிறகு நவச்சாரத்தில் தேய்த்த சூட்டுக்கோலால் விளிம்பு முழுக்க ஈயம் பூசினான். பெரியவர்களுக்குத் தெருவில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்" என்று வந்த குரல் காதில் விழும். அதே வித்தைதான். வேலை நடந்தது திறந்த வெளியில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. கை கழுவாமல் டீயைத் தொட விட மாட்டான். ஈயம் விஷம் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான் இதற்கும் சோதனை. வாய்களை ரப்பரால் அடைத்து, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். மூன்று இடத்தில் ஊசிமுனை அளவு குமிழி. எடுத்துப் பற்று வைத்து மறுபடி அமுக்கினார்கள். குமிழி இல்லை. பத்து நிமிடம் பார்த்தோம். இல்லை.

வண்டியில் மாட்டும்போது தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தான், அதிர்வில் பற்று விடக்கூடாது என்று. கீழ் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறதா என்று பார்த்தான். பம்ப் இழுக்கிற பக்கம் அது, சுருள் இல்லாவிட்டால் ஹோஸ் சப்பிக்கொள்ளும். தூக்கி எறியப்பட்ட தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் ஒன்று தேடிப் போட்டோம். அது இல்லாவிட்டால் குளிர்ச்சிதானே என்று நினைப்பவர்கள் உண்டு. எஞ்சின் தேவையான சூட்டுக்கு வந்து சேராவிட்டால் பெட்ரோலும் வீண், சிலிண்டரும் தேயும். உடம்புக்கு 98.4 மாதிரி எஞ்சினுக்கும் ஒரு சூடு உண்டு. அம்பாசிடர் மூடியையும் மாற்றினோம். பிரஷர் குக்கரில் நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருப்பதைப் போல, மூடியின் அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். ஆனால் 75 வருடத்துப் பித்தளைத் தொட்டியின் மேல் அதிக அழுத்தத்தை ஏற்றக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் இல்லை. காய்ச்சி வடித்த நீரும் துருத் தடுக்கும் கூலன்ட்டும் கலந்து ஊற்றினோம்.

நாற்பது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட்டோம். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் நான் தெர்மாமீட்டரை மேல் தொட்டியில் ஒட்டிக் கட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டேன். 82-ஐத் தொட்டது, 84 போனது, மறுபடி 82. அங்கேயே நின்றது. ஆவி இல்லை, சொட்டு இல்லை. கொட்டகை வாசலிலிருந்து அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தின் இடுப்புச் சிறுத்த கோபுரங்கள் தெரிகின்றன. மேலே வெள்ளையாகப் போவது புகை இல்லை, நீராவி என்று உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவையும் ரேடியேட்டர்தான். வெப்பத்தால் வேலை செய்யும் எந்த எந்திரமும் தன் மிச்ச வெப்பத்தை எங்காவது கொட்டித்தான் ஆக வேண்டும். ஒன்று ஆயிரக்கணக்கான வீட்டுக்கு விளக்கெரிக்கிறது, இன்னொன்று என் அத்தானை ரயில் கேட் வரை கூட்டிப்போகிறது.

வண்டியை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அத்தான் இன்னும் சொல்லவில்லை. பார்க்க இரண்டு பேர் வந்துபோனார்கள். காயலான் கடைக்கு இல்லை என்பது மட்டும் முடிவாகிவிட்டது. கொட்டகை போனாலும் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் இடம் இருக்கிறது.

என் மனதில் உறுத்துவது வேறு. செம்பு வேலை மாதத்துக்கு நாலு வந்தால் பெரிது என்கிறான் என் மாணவன். லாரிகளும் அலுமினியத்துக்கு மாறிவிட்டன. அதில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவதுதான். அவன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். நல்லது, படிக்கட்டும். பட்டறையில் இப்போது பற்று வைக்கக் கற்றுக்கொள்வது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும்தான். தமிழில் எண்ணத் தெரிந்துகொண்டான், குமிழி எண்ண அது போதுமே என்று சிரிக்கிறான். அவன் ஊருக்குத் திரும்பினால் இந்தச் சாலையில் இந்த வேலை தெரிந்த அடுத்த ஆள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி வேண்டுகோள்கள்.

வீட்டுப் பரணில் பழைய ரேடியேட்டர், விளக்கு, மூடி எது கிடந்தாலும் எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். வாய் எந்தப் பக்கம், துளைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து எடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை.

எண்ணூரில் ஏ-40 பூட்டிய காலத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால், வீட்டில் புகைப்படமோ சம்பளச் சீட்டோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஐ.டி.ஐ.-யில் ஆசிரியர்களாக இருக்கும் மூன்று பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பையன்களில் கை சுத்தமாக வேலை செய்கிறவன் ஒருவன் இருந்தால், ஒரு மாதம் அந்தப் பட்டறைக்கு அனுப்புங்கள். சம்பளம் அவன் தருகிறேன் என்கிறான். மதியச் சாப்பாடு என் பொறுப்பு.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் வாத்தியார்,
வள்ளூர்